பொக்சிங் கீறப் போகிறீர்களா? காலில் தொடங்குங்கள்

கிளிநொச்சிப் பக்கத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் எங்கள் ஊர் இளைஞர்கள் பொக்சிங் பழகுகிற தகரக் கொட்டகைக்குப் போய்க் கீறுவேன். மனித உடம்பைக் கீறிப் பழக வன்னியில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முதுகும் தோளும் கெண்டைக்காலும் வேலை செய்வது அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

கரிக்குக் கடைக்கு ஓடத் தேவையில்லை. வேலியில் நிற்கிற சீமைக்கிளுவையில் பென்சில் மொத்தத்துக்கு நேரான கம்புகளாகப் பார்த்து வெட்டி, தோலை உரித்துக் காயவிடுங்கள். பால்மா ரின்னுக்குள் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு அடுப்பு நெருப்பில் வையுங்கள். துளையால் புகை வருவது நின்றதும் வெளியே எடுக்கலாம். ஆனால் நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம். காற்றுப் பட்டால் சாம்பல்தான் மிஞ்சும். தாளுக்குப் பழைய கலண்டரின் பின்பக்கம் போதும்.

மாஸ்டரிடமும் பழகுகிறவர்களிடமும் கேட்டுவிட்டு றிங்கின் ஒரு மூலைக்கு வெளியே நில்லுங்கள். சரி, இனிக் கீறலாம்.

புதிதாகக் கீறுகிறவர் முதலில் கிளவுஸைப் பிடித்துக்கொள்வார். விட்டுவிடுங்கள். "சேர், நான் கையாலதானே அடிச்சனான், நீங்கள் ஏன் காலைக் கீறுறியள்?" என்று ஒரு பெடியன் கேட்டான். "உன்ரை அடி அங்கையிருந்துதானடா வருது" என்றேன். வலக்கைக்காரர் இடது காலை முன்னுக்கு வைத்து நிற்பார். பின்காலின் குதி சற்று உயர்ந்திருக்கும். வலக்கையால் நேராகக் குத்தும்போது அந்தக் குதி வெளிப்பக்கம் திரும்பும். அதோடு இடுப்பு, பிறகு தோள், கடைசியாகத்தான் கை. ஆகவே முதலில் இரண்டு பாதத்துக்கும் இரண்டு கோடு, இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. இடுப்புக் கோடும் தோள்க் கோடும் ஒரே சரிவில் போனால் உங்கள் ஆள் குத்தவில்லை, கல்யாண அல்பத்துக்கு நிற்கிறார். மூக்கு முன்முழங்காலைத் தாண்டிப் போயிருந்தால் நிலை தவறிவிட்டார். அப்படித் தவறுவதையே கீற நினைத்தால் அதுவும் நல்ல படம்தான்.

1867இல் வெளிவந்த, குவீன்ஸ்பெரி விதிகள் எனப்படும் பொக்சிங் விதிகள் 3 நிமிடச் சுற்றையும் 1 நிமிட ஓய்வையும் வகுத்தன. கீறுகிறவருக்கு இது பெரிய வசதி. அந்த 3 நிமிடமும் கையை எடுக்காமல் கோடுகளாகவே போடுங்கள். முகம், விரல் ஒன்றும் வேண்டாம். மணி அடித்ததும் புதுத் தாள். கதிரையில் வந்து விழுகிற ஆளை அந்த ஒரு நிமிடத்தில் பிடியுங்கள். தோள் தொங்கும், வாய் திறந்திருக்கும், முழங்கை தொடையில் ஊன்றும். என்னைக் கேட்டால், குத்துகிற படத்தைவிட இந்தப் படத்தில்தான் பொக்சிங் கூட இருக்கிறது.

இது பழைய யோசனைதான். 1885இல் ரோமில் தோண்டியெடுத்த வெண்கலச் சிலை ஒன்று உண்டு. தாடிவைத்த குத்துச்சண்டைக்காரர், கையில் தோல்வாருடன் குந்தியிருந்து, யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். முகத்துக் காயங்களிலும் வழிந்த இரத்தத்திலும் செம்பு பதித்திருக்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டது, ஆனால் முழுச் சண்டையும் அந்த உடம்பில் கிடக்கிறது. அசைவுதான் வேண்டுமென்றால் அமெரிக்க ஓவியர் ஜோர்ஜ் பெலோஸ் 1909இல் வரைந்ததைத் தேடிப் பாருங்கள். இரண்டு உடம்பும் ஒன்றில் ஒன்று சாய்ந்து முக்கோணமாகி நிற்கும். முகம் சரியாகத் தெரியாது, தேவையும் இல்லை.

கை கடைசியில். கிளவுஸ் போட்ட கை பனங்காய் அளவுக்கு வரும். சின்னதாகப் போட்டால் முழுப் படமும் பொய்யாகிவிடும். கிளவுஸ் கழற்றியபின் உள்ளே சுற்றியிருக்கும் துணிப்பட்டியையும் கீறுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 4.5 மீற்றர் நீளம். மணிக்கட்டைச் சுற்றி, விரல் மொழிகளைச் சுற்றி, பெருவிரலைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் மணிக்கட்டுக்கு வரும். அந்தச் சுற்றின் ஒழுங்கு தெரிந்தால் நிழலை எங்கே போடுவது என்று யோசிக்கவே தேவையில்லை.

முடிந்ததும் மாஸ்டரிடம் காட்டுங்கள். நிழல் அவருக்குப் பொருட்டில்லை. "நாடி மேல நிக்குது, இவன் வாங்கப்போறான்" என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அதைத் திருத்தியபின் ஹெயார் ஸ்பிரேயை ஒரு முழம் தள்ளிப் பிடித்து அடியுங்கள். அடித்தபின் கரி லேசில் அழியாது.