இரண்டு நாடுகளை எண்களால் ஒப்பிடுவது எப்படி?

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். இரண்டு நாடுகளை ஒப்பிட்டு யாராவது கட்டுரை கொண்டுவந்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டு போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பாதிப் பிழைகள் அங்கேயே சிக்கிவிடும்.

ஒரு தாளில் ஐந்து பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: எதை அளக்கிறோம், முதல் நாடு, இரண்டாம் நாடு, எந்த ஆண்டு, எங்கே எடுத்தது. மக்கள்தொகைக்கு ஐ.நா.வின் தரவு, பொருளாதாரத்துக்கு உலக வங்கியின் தரவு போதும். ஒரு வரியில் வரும் இரண்டு எண்களும் ஒரே இடத்தில், ஒரே ஆண்டுக்கு எடுத்தவையாக இருக்கட்டும். இடம் மாறினால் கணக்குப் போடும் முறையும் மாறிவிடும்.

பணத்துக்குப் போவதற்கு முன் வயதைப் பாருங்கள். ஒரு மாணவி ஜப்பானையும் கத்தாரையும் எடுத்திருந்தாள். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை இறப்பு என்று பார்த்தால் ஜப்பானில் 12-க்கு மேல், கத்தாரில் 2 கூட இல்லை. "அப்படின்னா ஜப்பானில் வைத்தியம் சரியில்லையா சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஜப்பானில் பத்தில் கிட்டத்தட்ட மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். கத்தாரில் பெரும்பாலானோர் வேலைக்கு வந்த இளவயது வெளிநாட்டினர். முதுமை வருவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த விகிதம் மருத்துவத்தைவிட வயதைத்தான் அதிகம் காட்டுகிறது. சராசரி ஆயுட்காலமோ வயது வயதாகக் கணக்கிடப்படுவது, அதனால் ஒப்பிட ஏற்றது. ஜப்பானில் அது சுமார் 84. அவள் அந்த வரியை அடித்துவிட்டு ஆயுட்காலத்தையும் சிசு மரண விகிதத்தையும் எழுதினாள்.

அப்புறம் ஜிடிபி, அதாவது ஒரு நாட்டுக்குள் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருள்கள், சேவைகளின் மொத்த மதிப்பு. மொத்தத் தொகை நாட்டின் பருமனைச் சொல்லும். மக்களின் நிலை தெரிய, தலைக்கு எவ்வளவு என்று வகுக்க வேண்டும். வாடகைக்கும் முடிவெட்டுவதற்கும் நாட்டுக்கு நாடு விலை வேறு என்பதால், வாழ்க்கைத் தரத்துக்கு வாங்கும் திறன் சமநிலைப்படி (பிபிபி, அதாவது அந்த விலை வித்தியாசத்தைச் சரிக்கட்டி) உள்ள எண்ணை எடுங்கள். வெளிநாட்டுக் கடன், இறக்குமதி பற்றிப் பேசினால் சாதாரண டாலர் மதிப்பே சரி. வளர்ச்சி விகிதத்திலிருந்து மக்கள்தொகை வளர்ச்சியைக் கழித்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். 4 சதவீதம் வளரும் நாட்டில் மக்கள்தொகை 3 சதவீதம் கூடினால், தலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1 சதவீதம்தான்.

எண் திடீரென்று குதித்தால் நின்று விசாரியுங்கள். 2015-இல் அயர்லாந்தின் ஜிடிபி ஒரே ஆண்டில் 25 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற தங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே மாற்றிப் பதிவு செய்ததே முக்கியக் காரணம். குடும்பங்களின் வருமானம் அப்படி ஏறவில்லை. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பிறகு திருத்திய தேசிய வருமானம் என்று தனி அளவை வெளியிடத் தொடங்கியது. நைஜீரியா 2014-இல் அடிப்படை ஆண்டை (எந்த ஆண்டின் விலைகளையும் தொழில்களையும் வைத்துக் கணக்குப் போடுகிறோமோ அந்த ஆண்டை) 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியபோது அதன் ஜிடிபி 89 சதவீதம் பெரிதானது. ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவை முந்தியது, தாளில்.

வேலையின்மைக்கு ஓர் எச்சரிக்கை: சர்வதேச வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் வேலையில் இருப்பவர்தான். உதவித்தொகை இல்லாத ஏழை நாட்டில் யாராலும் சும்மா இருக்க முடியாது. அதனால் அங்கே விகிதம் குறைவாகத் தெரியும். அந்த வரிக்குக் கீழே, எத்தனை பேர் மாதச் சம்பள வேலையில் இருக்கிறார்கள் என்று இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள்.