கேமராவை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள்

விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் ஏலத்தைப் படம் எடுத்துவந்து கேமராவைச் செருகினேன். கம்ப்யூட்டரில் எந்த அசைவும் இல்லை. கேமராவே போய்விட்டதோ என்று பதறிவிட்டேன். கோளாறு கேபிளில்தான் இருந்தது. மலிவான சார்ஜிங் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான 2 கம்பிகள் மட்டுமே இருக்கும். தகவல் போக இன்னும் 2 கம்பிகள் வேண்டும். அதனால் சார்ஜ் ஏறுகிறது என்பதை வைத்து கேபிள் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கேமராவோடு வந்த கேபிளையே போட்டுப் பாருங்கள்.

பேட்டரி நிறைந்திருக்கட்டும், கேமரா ஆனில் இருக்கட்டும். வைஃபையை அணைத்துவிடுங்கள், சில மாடல்களில் அது ஓடும்போது யூஎஸ்பி வேலை செய்யாது.

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் கேமராவில் கேபிள் செருகும் போர்ட்டையும் பாருங்கள். கடல் காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கும். பச்சை பூத்திருந்தால் ஊசியால் குத்தாமல் ரிப்பேர் கடையில் கொடுங்கள்.

அவசரமென்றால் கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போடுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் பழைய ரீடர் படிக்காமல் போகலாம். அப்போது ‘ஃபார்மட் செய்யவா’ என்று கம்ப்யூட்டர் கேட்டால், தயவுசெய்து ‘கேன்சல்’ கொடுங்கள். படங்கள் அதற்குள்தான் இருக்கின்றன.