பக்கத்து ஊர்தானே என்று கிளம்பினால்: பெங்களூர் வார இறுதிப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூர் தெரியாது என்று சொல்கிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெருவுக்கு நாலு பேர் அங்கே கட்டட வேலையிலோ, பேக்கரியிலோ, எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனியிலோ இருப்பார்கள். ஆனால் என்னென்ன தெரியும் என்று கேட்டால் மெஜஸ்டிக், சில்க் போர்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரி, மச்சான் குடியிருக்கும் சந்து என்பதோடு பேச்சு நின்றுவிடும். பெண்டாட்டி பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது சென்னையை விடவும் புது ஊர். சென்னைக்கு என்றால் பத்து நாள் முன்பே டிக்கெட், ரூம் என்று யோசிக்கிறோம். பெங்களூருக்கு என்றால் சனிக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுகிறோம். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கும் மேல் இந்த அலட்சியத்தில் பிறந்தவைதான்.

முதலில் தூரக் கணக்கு. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து 135ஐ ஒட்டி. தேசிய நெடுஞ்சாலை 44 நன்றாக இருக்கிறது, பஸ்ஸும் விரட்டும். அந்தக் கணக்கெல்லாம் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி வரைக்கும்தான் செல்லும். அதற்குப் பிறகு வரும் கொஞ்ச தூரத்துக்குக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டுப் பயனில்லை, மணியில்தான் போட வேண்டும். காலை எட்டு மணிக்கு டிபன் முடித்து நிதானமாகக் கிளம்புகிறவர் சில்க் போர்டை அடையும்போது நகரம் முழுக்க விழித்திருக்கும். சனிக்கிழமை அங்கே பலருக்கு வேலை நாள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பிப் பாருங்கள், மொத்த நாளும் வேறு மாதிரி இருக்கும்.

எங்கே இறங்குவது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. பெங்களூர் என்றால் மெஜஸ்டிக் என்று பழகிவிட்டோம். பஸ் கடைசியாக நிற்கும் இடம் வரை உட்கார்ந்தே போனால்தான் போன மாதிரி இருக்கிறது பலருக்கு. 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி மஞ்சள் தட மெட்ரோ திறந்த பிறகு ஓசூர் சாலையில் வருகிற நமக்கு இந்தப் பழக்கம் தேவையில்லை. பொம்மசந்திராவில் தொடங்கி எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். கீழே வண்டிகள் நகராமல் நிற்க, நாம் மேலே போய்க்கொண்டிருப்போம். ஆர்.வி. ரோட்டில் அதே கட்டடத்துக்குள் பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், அடுத்தது லால்பாக்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நீண்ட மேம்பாலத்தில் ஏறிவிடும். ஏறினால் பொம்மனஹள்ளி, சில்க் போர்டு பக்கம்தான் இறங்கும். அதனால் ஓசூர் தாண்டியதுமே கண்டக்டரிடம், "பொம்மசந்திரா மெட்ரோகிட்ட நிறுத்துங்கண்ணா" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். சந்தாபுரம் வந்ததும் பைகளை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் வந்து நில்லுங்கள். தூங்கிவிட்டால் மேம்பாலம், பிறகு சில்க் போர்டு, பிறகு உங்கள் பாடு. ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ மற்ற நாள் போல அதிகாலையில் ஓடாது, 7 மணிக்குத்தான் தொடங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ரயிலில் போகும் தர்மபுரிக்காரர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். (கிருஷ்ணகிரி டவுனுக்கு அந்தக் கவலையே இல்லை, மாவட்டத் தலைநகரமாகியும் ரயில் நிலையம் கிடையாது.) டிக்கெட்டில் பெங்களூர் என்று பார்த்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. மெஜஸ்டிக்குக்கு எதிரே இருக்கும் கே.எஸ்.ஆர்., கன்டோன்மென்ட், யஷ்வந்த்பூர், 2022இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா முனையம் எல்லாமே பெங்களூர்தான். ஒன்றுக்கொன்று மைல் கணக்கில் தூரம். கே.எஸ்.ஆரும் யஷ்வந்த்பூரும் மெட்ரோவை ஒட்டியவை. மற்ற இடங்களில் இறங்கினால் ஆட்டோவுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல். போனில் தேடினால் லால்பாக், நந்தி மலை, பன்னேர்கட்டா, வொண்டர்லா, இஸ்கான் கோயில், விதான சவுதா என்று வரிசையாக வந்து விழும். எல்லாம் ஒரே ஊர்ப் பெயரில் இருப்பதால் ஒன்றுக்கொன்று பக்கம் என்று நினைத்துவிடுகிறோம். நந்தி மலை நகரத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். தெற்கிலிருந்து போகும் நாம் மொத்த நகரத்தையும் குறுக்கே கடந்தாக வேண்டும். சூரிய உதயம் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள், அதுவும் சனி ஞாயிறு என்றால் வண்டிகள் வரிசையில் நிற்கும். வொண்டர்லா மைசூர் சாலையில் பிடதி பக்கம், அதற்கே ஒரு முழு நாள். இரண்டு நாள் பயணத்தில் இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து கூச்சமில்லாமல் அடித்துவிடலாம் என்பது என் கட்சி. பிள்ளைகள் வொண்டர்லாவுக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்கென்றே ஒரு நாள் போய்வாருங்கள், அதோடு வேறு எதையும் கோக்காதீர்கள்.

பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவும் ஒரு நாளைத் தின்னும். ஆனால் சொந்தக் காரில் போகும் நம் பக்கத்தவர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். அத்திப்பள்ளியிலிருந்து ஆனேக்கல், ஜிகணி வழியாகப் போய்விடலாம். மெஜஸ்டிக் வரை போய் ரூம் போட்டு, மறுநாள் அங்கிருந்து திரும்பத் தெற்கே பன்னேர்கட்டாவுக்கு வருவது மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. சஃபாரிக்கு முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்துவிட்டால் வார இறுதி வரிசையில் பாதி மிச்சம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால் சனி ஞாயிறு போகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

பட்டியலை விட்டுவிட்டு மெட்ரோ தடத்தைக் கையில் எடுத்தால் திட்டம் தானாக அமைந்துவிடும். பச்சைத் தடத்தில் வரிசையாக லால்பாக், நேஷனல் காலேஜ், கே.ஆர். மார்க்கெட், சிக்பேட்டை, மெஜஸ்டிக். இதை ஒரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். லால்பாக்கை 1760இல் ஹைதர் அலி தொடங்கினார். மெட்ரோவில் இறங்கினால் மேற்கு வாசல் பக்கம். கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே ஒரு பெரும்பாறை இருக்கிறது, வயது முந்நூறு கோடி ஆண்டு என்கிறார்கள், உச்சியில் கெம்பே கவுடா கோபுரம். பாறைக்குப் பஞ்சமில்லாத ஊரிலிருந்து வந்து இங்கேயும் பாறையா என்று பிள்ளைகள் முணுமுணுக்கும். ஏறட்டும், மேலிருந்து நகரம் தெரியும். நேஷனல் காலேஜில் இறங்கினால் பசவனகுடி நந்தி கோயிலும் காந்தி பஜாரும். மார்க்கெட் பக்கம் திப்புவின் கோடைகால அரண்மனை, 1791இல் கட்டி முடித்த மர மாளிகை. சின்னதுதான், அரை மணி போதும். ஆனால் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தினமும் பார்க்கிறவர்கள் தவறவிடக் கூடாது. அந்த மாளிகை முடிந்த மறு ஆண்டே, 1792 உடன்படிக்கையில், நம் பாராமகாலை (கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமைக்குப் பழைய பெயர்) திப்பு ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

மறுநாள் ஊதாத் தடம். மெஜஸ்டிக்கிலிருந்து விதான சவுதா, கப்பன் பார்க், எம்.ஜி. ரோடு. ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்குள் வண்டிகளை விடுவதில்லை, பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம். அதை ஒட்டி கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். ஒன்பதரைக்குத் திறக்கும், பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள், ஒரு மணி நேரத்தில் இழுத்துக்கொண்டு வெளியே வராதீர்கள். விதான சவுதாவை ரோட்டிலிருந்து போட்டோ எடுப்பதோடு முடித்துக்கொண்ட காலம் போய்விட்டது. 2025 ஜூன் முதல் ஞாயிறுகளிலும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளிலும் வழிகாட்டியோடு உள்ளே அழைத்துப் போகிறார்கள். ஆன்லைனில் முன்பதிவு வேண்டும், அடையாள அட்டையும் வேண்டும். வாசலில் போய் நின்று கேட்டால் ஏமாற்றம்தான்.

கிழமை பார்க்காமல் போவதும் ஒரு தவறு. கல்யாணப் புடவை எடுக்கிற வேலையையும் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சிக்பேட்டைக்குப் போனால் பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். சிக்பேட்டை சனிக்கிழமைக்கு, கமர்ஷியல் ஸ்ட்ரீட் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நேரு கோளரங்கம் திங்கள் விடுமுறை. சாப்பாட்டுக் கடைக்கும் கிழமை உண்டு. லால்பாக் சாலையில் 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். திங்கட்கிழமை மூடியிருக்கும். காந்தி பஜார் வித்யார்த்தி பவன் வெள்ளிக்கிழமை மூடல், திறந்திருக்கும் நாளிலும் மதியம் இடைவேளை விட்டுவிடுவார்கள். சனி ஞாயிறு இரண்டு இடத்திலும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பசியோடு அழும் குழந்தையை வைத்துக்கொண்டு மசால் தோசைக்கு ஒரு மணி நேரம் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. காலை ஏழுக்கே போங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு தர்ஷினியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ருசியில் பெரிய நஷ்டம் வராது. லால்பாக் மலர்க் கண்காட்சி ஜனவரியிலும் ஆகஸ்டிலும். பூவைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி. அமைதியாகப் பூங்கா பார்க்க நினைப்பவர்கள் அந்த வார இறுதிகளைத் தவிர்ப்பது நல்லது.

சொந்தக்காரர் வீட்டு விஷயம் கொஞ்சம் சங்கடமானது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ரூம் வாடகை மிச்சம் என்று ஒயிட்ஃபீல்டில் இருக்கும் சித்தி மகன் வீட்டில் தங்குகிறோம். சனி இரவு பேச்சு பன்னிரண்டைத் தாண்டும். ஞாயிறு காலை, "இருங்க மாமா, கறி எடுத்துட்டு வந்துடறேன்" என்பார். சாப்பிட்டு எழுந்தால் மணி இரண்டு. பாசத்துக்குக் குறைவில்லை, பயணம் மட்டும் முடிந்துபோயிருக்கும். அவரையே வழிகாட்டியாகவும் நம்பிவிடக் கூடாது. அங்கே பிழைக்கப் போனவருக்கு வேலை இடமும் வீடும் ஊருக்கு வரும் பஸ்ஸும் தெரியும், லால்பாக்கை அவரே பார்த்திருக்க மாட்டார். பச்சைத் தடத்தில் மெஜஸ்டிக்குக்கும் ஜெயநகருக்கும் நடுவில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ரூம் எடுத்துக்கொண்டு, சித்தி மகன் குடும்பத்தைக் கப்பன் பார்க்குக்கு வரச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும்.

பணக் கணக்கில் வீட்டுப் பெண்கள் ஏமாறும் இடம் ஒன்று. நம் ஊர் டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் போய்ப் பழகியவர்கள், கர்நாடகத்திலும் பெண்களுக்கு பஸ் இலவசம் என்று கேள்விப்பட்டு அப்படியே ஏறிவிடுகிறார்கள். 2023 ஜூன் முதல் நடக்கும் சக்தி திட்டம் கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். கண்டக்டர் ஆதாரைக் கேட்பார், அதில் தர்மபுரி முகவரி இருந்தால் டிக்கெட் எடுக்க வேண்டும். ஆட்டோவுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18, இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. இந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் பேரம் பேச முடியும். நம்ம யாத்ரி போன்ற செயலியில் கூப்பிட்டால் பேரமே வேண்டாம். பேச்சுக்குத் தமிழ் பல இடங்களில் செல்லும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு எப்படியும் நாலு வார்த்தை கன்னடம் வரும், அதை முதலில் எடுத்துவிட்டால் முகம் மலர்ந்து பதில் வரும்.

சொந்தக் காரை நகரத்துக்குள் ஓட்டிப்போவதில் லாபம் எதுவும் இல்லை, நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். ஓசூரில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடுவது உத்தமம். ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தர்மபுரி வெயிலை மனதில் வைத்துத் துணி எடுத்துப் போகாதீர்கள். குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர், ஆளுக்கொரு குடை. மே மாதத்திலும், செப்டம்பர், அக்டோபரிலும் சாயங்கால மழை சொல்லாமல் வரும்.

திரும்பும்போது மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். வெள்ளி மாலை பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும் கூட்டம், ஞாயிறு மாலையும் திங்கள் விடியற்காலையும் பெங்களூருக்குத் திரும்பும். நாம் எதிர்த்திசை. ஞாயிறு சாயங்காலம் கிருஷ்ணகிரி பக்கம் வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். தீபாவளி, பொங்கலை ஒட்டிய வார இறுதிகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும், அந்த நாட்களைத் தொடவே வேண்டாம். மெஜஸ்டிக், சாந்திநகர், சாட்டிலைட், கலாசிபாளையம் என்று பஸ் நிலையங்கள் பல. எந்த பஸ் எங்கிருந்து கிளம்பும் என்பதைப் போகும்போதே கண்டக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையும் நாலு பையும் இருந்தால் சில்க் போர்டு ரோட்டோரத்தில் நின்று கை காட்டி ஏறலாம் என்று நினைக்காதீர்கள். கிளம்பும் இடத்துக்கே போய் ஜன்னல் சீட் பிடித்துவிடுங்கள்.