வேலை முகாமில் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் மண் சுமக்கும் சட்டியைப் பிடியுங்கள்

சித்திரை வெயிலில் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குளம் தூர்வாரப் பசங்கள் கூடினால், ரெண்டு மூணு பேர் போனோடு கரையிலேயே நின்றுவிடுவார்கள். படங்கள் எல்லாம் ஒரே மாதிரி வரும்: தோளில் மம்பட்டி, வரிசை, சிரிப்பு. வேலையை மட்டும் காணோம்.

பழைய முகாம் படங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். யூகோஸ்லாவியாவில் 1947-ல் ஷாமட்ஸ்–சரயேவோ ரயில் பாதையை, சுமார் 240 கிலோமீட்டர், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் சேர்ந்து போட்டார்கள். 1959-ல் மாஸ்கோ பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் கோடை விடுமுறையில் கஜகஸ்தானுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள், அதிலிருந்து பெரிய இயக்கமே வளர்ந்தது. அந்த மாதிரிப் படம் கையில் கிடைத்தால் காலைப் பாருங்கள். பூட்ஸில் மண் இல்லை, மண்வெட்டிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றன, முகங்கள் எல்லாம் ஒரே திசையில் என்றால் அநேகமாக நிற்கச் சொல்லி எடுத்ததுதான்.

சரி, நம் குளத்துக்கு வருவோம். காலையில் எல்லாரும் கூடும்போதே படம் எடுப்பேன் என்று சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். நனைந்த உடையில் இருக்கும் பெண்களை எடுக்கவே வேண்டாம். அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் சட்டி சுமங்கள். இதைத் தவிர்த்தால் மற்ற எந்த வித்தையும் பலிக்காது, ஏனென்றால் கரையில் நிற்கிறவனைப் பார்த்தால் எல்லாரும் வயிற்றை உள்ளிழுப்பார்கள், கூடச் சுமந்தவனை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எடுக்கும்போது சேற்றுக்குள் இறங்கி இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். ஆளைத் துரத்த வேண்டாம்; சட்டி கைமாறும் இடத்தைப் பார்த்துக் காத்திருங்கள், அவர்களே வருவார்கள். சோவியத்தின் ஸ்மெனா கேமராவில் தூரத்தைக் கண்ணால் கணித்துத்தான் ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப வேண்டும். உங்கள் கேமராவிலும் அப்படி ஃபோகஸை மூன்று மீட்டரில் நிறுத்தி, லென்ஸ் துளையின் அளவை எஃப் 8-ல் வைத்துவிட்டால் கண் வேலையிலேயே இருக்கும். போன் என்றால் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், உச்சி வெயிலில் முகம் கறுத்துப்போகும்.

ஓய்வு நேரத்தை விடாதீர்கள். என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த படம், கட்டன் சாயா (பால் இல்லாத டீ) டம்ளரைப் பிடித்த ஒரு கை. உடைந்த கொப்புளத்தின் மேல் தோர்த்துத் துண்டின் கிழிசல் சுற்றியிருந்தது.

கடைசியில் அவர்கள் வரிசையாக நின்று எடுக்கச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் எடுங்கள், தூர்வாரிய குளத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்பது அவர்கள் உரிமை. ஆனால் நிற்கவைத்து எடுத்தது என்று படத்தோடு எழுதிவையுங்கள், தேதி, குளத்தின் பெயர், நிற்பவர்களின் பெயர் எல்லாம் சேர்த்து. பெயர்களை அங்கேயே கேட்டுவிடுங்கள், குளித்துச் சட்டை மாற்றி வந்துவிட்டால் யார் எவரென்று கண்டுபிடிக்க முடியாது.