பிர்லா மாளிகையில் காந்தியின் கடைசி நடை: எந்த வரிசையில் பார்ப்பது?

டெல்லியில் ஆட்டோக்காரரிடம் வெறுமனே "பிர்லா" என்றால் பிர்லா மந்திர் கோயில் வாசலில் இறங்க வேண்டியிருக்கும். "காந்தி சமாதி" என்றால் ராஜ்காட்; அது அவர் உடல் எரியூட்டப்பட்ட இடம். அவர் சுடப்பட்ட பிர்லா மாளிகை இப்போது காந்தி ஸ்மிருதி என்ற நினைவகம்; அங்கே போக "காந்தி ஸ்மிருதி, தீஸ் ஜனவரி மார்க்" என்று முழுசாகச் சொல்லுங்கள். மெட்ரோவில் வந்தால் மஞ்சள் தடத்தில் லோக் கல்யாண் மார்க் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலை 10 முதல் மாலை 5 வரை, கட்டணம் கிடையாது. ஜனவரி 30 அன்று தலைவர்கள் வருவார்கள், காவல் கெடுபிடி அதிகம். வேறு நாளில் போவதே நல்லது.

இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். உள்ளே போனதும் புல்வெளியில் இருக்கும் நினைவுத் தூணுக்கு நேராக நடந்துவிடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்புகிறவர்கள் தவறவிடுவது, அவர் அறையிலிருந்து அந்தத் தூண் வரை நடந்த கடைசி நடையைத்தான். குழந்தைகள் வந்திருந்தால் மாடியிலுள்ள பல்லூடகக் காட்சியை முதலிலேயே முடித்துவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் அவர்களைக் கிளப்புவது கஷ்டம், நேரமும் போய்விடும்.

பிறகு கீழே அவர் தங்கிய அறை. 1947 செப்டம்பர் 9 முதல் 144 நாள் இங்கேதான் இருந்தார். தரையில் மெத்தை, குட்டை மேசை. கைத்தடி, மூக்குக்கண்ணாடியோடு, சோப்புக்குப் பதிலாக உடம்பு தேய்த்துக்கொண்ட சொரசொரப்பான கல்லும் இருக்கிறது. அந்தக் கல்லைப் பார்க்காமல் வராதீர்கள். அவர் வாழ்ந்த விதத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் அந்த வீட்டில் இல்லை.

அறையிலிருந்து சிமெண்டில் பதித்த காலடிச் சுவடுகள் தொடங்குகின்றன. அவற்றின் பக்கவாட்டிலேயே, அவசரப்படாமல் நடங்கள். 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனை 5 மணிக்கு. படேலுடன் பேச்சு நீண்டதால் தாமதமாகிவிட்டது. உண்ணாவிரதம் முடித்து 12 நாள்தான் ஆகியிருந்தது. பேத்தி முறையான மனு, ஆபா இருவர் தோளையும் பிடித்தபடி வந்தார். 5.17க்கு கோட்சே மூன்று முறை சுட்டான். சுவடுகள் முடியும் இடத்தில்தான் தூண் நிற்கிறது. பத்து நாள் முன்பு, ஜனவரி 20 அன்று, இதே பிரார்த்தனைத் திடலின் பின்சுவரருகே குண்டு வெடித்தது. திடலில் நின்று அந்தத் தூரத்தையும் கண்ணால் அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வருகிறவர்களைச் சோதனையிட அவர் சம்மதிக்கவில்லை.

காலையில் நேரம் இருந்தால் அருகே சஃப்தர்ஜங் சாலை 1ஆம் எண் வீட்டில் இந்திரா காந்தி நினைவகம். அதற்கும் திங்கள் விடுமுறை. 1984 அக்டோபர் 31 அன்று அவர் உடுத்தியிருந்த, குண்டு துளைத்த சேலை அங்கே இருக்கிறது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் அணிந்திருந்த உடையின் எஞ்சிய பகுதியும் காலணியும்கூட. வரிசை நீளமாக இருக்கும், திறந்தவுடன் போங்கள்.

காந்தியின் ரத்தக்கறை படிந்த துணியைத் தேடுபவர்களுக்கு: அது ராஜ்காட் எதிரிலுள்ள தேசிய காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெல்லி வர முடியாதவர்கள் மதுரை காந்தி அருங்காட்சியகத்திலும் அத்தகைய துணியைப் பார்க்கலாம்.