கிரிப்டோ லைப்ரரி: கையில் இருக்க வெளியே தேடும் தவறுகள்

சொந்தமாக சைஃபர் (குறியாக்க முறை) எழுதாதீர்கள், ரகசியச் சாவியை கோடு சேமிக்கும் கிட்டில் (Git) போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். நோடு (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், Node.js) புராஜெக்ட்களில் ஓயாமல் வரும் வேறொன்றுதான் எரிச்சல்.

கிரிப்டோ-ஜேஎஸ்ஸிடம் சாவியை ஸ்ட்ரிங்காகக் கொடுப்பது

நோடிலேயே கிரிப்டோ மாட்யூல் இருக்கிறது, அடியில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி ஓடுகிறது. ஆனாலும் பழைய டுடோரியலைப் பார்த்து கிரிப்டோ-ஜேஎஸ் (crypto-js) என்ற வெளி லைப்ரரியை இன்ஸ்டால் செய்கிறார்கள். பராமரிப்பு நின்றுவிட்டதாக அதன் ரீட்மீயே சொல்கிறது. ஒரே வரியில் என்கிரிப்ட் ஆகிவிடுகிறதே என்ற ஆசை. வினையும் அந்த வரியில்தான்.

சாவியை ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் லைப்ரரி அதைச் சாவியாக எடுக்காது. பாஸ்வேர்டு என்று கொண்டு, 8 பைட் சால்ட் (ரேண்டம் பைட்டுகள்) சேர்த்து, எம்டி5 என்ற பழைய, வேகமான ஹாஷை ஒரே சுற்று ஓட்டி வேறு சாவி தயாரிக்கும். கொடுத்தது ரேண்டமான 64 ஹெக்ஸ் எழுத்துகள் என்றால் தப்பித்தீர்கள். கம்பெனி பெயரோடு 123 என்றால், ஒரு ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) இருப்பவருக்கு அதை ஊகித்து உடைப்பது வேலையே இல்லை. சந்தேகமென்றால் டேட்டாபேஸில் இருப்பதை பேஸ்64 பிரித்துப் பாருங்கள்: முதல் 8 பைட்டில் 'சால்டட்' (Salted) என்ற சொல்லும் இரண்டு அடிக்கோடும் நின்றால் அதேதான். 2023-இல் வந்த 4.2.0, பாஸ்வேர்டிலிருந்து சாவி தயாரிக்கும் இன்னொரு முறையான பிபிகேடிஎஃப்2-இன் டிஃபால்ட்டை 1 சுற்றிலிருந்து 2,50,000 ஆக்கியது. ஆனால் ஸ்ட்ரிங் சாவி போகும் எம்டி5 பாதை அப்படியே இருக்கிறது. 'அப்டேட் பண்ணிட்டோம்' என்பது பதிலாகாது.

போதாததற்கு டிஃபால்ட் மோடு சிபிசி (பிளாக்குகளைச் சங்கிலியாகக் கோக்கும் முறை); டேட்டாவை யாராவது மாற்றினார்களா என்று அது பார்க்காது. என்கிரிப்ட் ஆன ஒரு பிளாக்கில் ஒரு பிட்டைப் புரட்டினால், டிகிரிப்ட் செய்யும்போது அந்த பிளாக் குப்பையாகும், அடுத்ததில் அதே இடத்து பிட் மட்டும் புரளும். லைப்ரரி வாய் திறக்காது.

நோடின் மாட்யூலில் ஏஇஎஸ்-256-ஜிசிஎம் (ஏஇஎஸ் சைஃபர், மாற்றம் நடந்தால் காட்டிக்கொடுக்கும் மோடில்) எடுங்கள்: 32 பைட் ரேண்டம் சாவி, மெசேஜுக்கு மெசேஜ் புது 12 பைட் ஐவி (தொடக்க மதிப்பு), 16 பைட் டேக் (சரிபார்ப்பு முத்திரை). பாஸ்வேர்டிலிருந்துதான் சாவி என்றால் எஸ்கிரிப்ட் (scrypt, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் முறை), 16 பைட் சால்ட். சேமிக்கும் டேட்டாவின் முன்னால் ஒரு பைட்டில் அந்த வடிவத்தின் பதிப்பு எண். பழைய ரெக்கார்டைப் படிக்கும்போதே புது வடிவில் திருப்பி எழுதுங்கள். அந்த 'சால்டட்' தலைப்பு ஒன்றுகூட மிஞ்சாதபோது பழைய கோடை நீக்கலாம்.

ஃபைனலின் எரரை விழுங்குவது

ஜிசிஎம்மில் டிகிரிப்ட் செய்யும்போது, டேக் பொருந்தவில்லை என்று கத்துவது கடைசியில் வரும் ஃபைனல் அழைப்புதான். அதற்குள், முந்தைய அப்டேட் அழைப்பு தந்த ப்ளெயின்டெக்ஸ்ட் (டிகிரிப்ட் ஆன டேட்டா) கையில் வந்திருக்கும். கேட்சில் எரரை அமுக்கிவிட்டு அதைப் பயன்படுத்தினால் ஜிசிஎம் போட்டதே வீண்.

ஜாவாவில் வெறும் 'ஏஇஎஸ்'

மோடு சொல்லாமல் 'ஏஇஎஸ்' என்று மட்டும் கேட்டால் வழக்கமாகக் கிடைப்பது இசிபி: ஒரே பிளாக்குக்கு எப்போதும் ஒரே குறியாக்கம் தரும் பலவீனமான மோடு. மோடையும் பேடிங்கையும் முழுதாக எழுதுங்கள்.

பைத்தானில் பைகிரிப்டோ

ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஏஇஎஸ் கிடையாது, இங்கே வெளியே போயே ஆகவேண்டும். 'கிரிப்டோகிராஃபி' பேக்கேஜுக்குப் போங்கள். பைகிரிப்டோவின் கடைசி வெளியீடு 2013.