கணக்கெடுப்பு முதல் ஆதார் மாற்றம் வரை: வாரிய வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

சென்னையில் கூவம், அடையாறு கரையோரத் தெருவுக்குள் குடிசைகளை அகற்றுவதற்கான கணக்கெடுப்பு வந்துவிட்டால், குடிசை மாற்று வாரியம் வீடு கட்டியிருக்கும் பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ கிளம்பச் சொல்லும் நாள் தூரத்தில் இல்லை. எங்கள் தெருவையும் அப்படித்தான் அனுப்பினார்கள். உழைக்கிற சனத்தைப் பிழைப்பு இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வைப்பது அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் போகத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், சேர வேண்டிய வீடும் பணமும் கைநழுவக் கூடாது. எங்கள் தெருவில் பலருக்கும் மனு எழுதிக் கொடுத்த அனுபவத்தில் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: கணக்கெடுப்பு

இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். கதவில் பெயின்ட்டில் எண் போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், கைரேகை பதிவார்கள். ஒரே கதவுக்குள் அப்பா அம்மா, கல்யாணமான இரண்டு மகன்கள் என்று மூன்று குடித்தனம் இருக்கும். ரேஷன் கார்டு ஒன்றே என்றால் பட்டியலிலும் ஒரே குடும்பமாக எழுதிவிடுவார்கள், அப்புறம் ஒரே வீடுதான். எங்கள் தெருவில் அதிகம் பேர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அதனால் கல்யாணமானவர்கள் இப்போதே பெற்றோர் கார்டிலிருந்து பெயரை நீக்கிப் புதுக் கார்டுக்கு விண்ணப்பியுங்கள். கார்டு வருவதற்குள் கணக்கெடுப்பு வந்துவிட்டால், தனிச் சமையல் என்று எழுதி, திருமணப் பதிவுச் சான்று நகலோடு மனு கொடுங்கள். மனு தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது 2021-இல் இந்தப் பெயருக்கு மாறியது. எழுதும்போது புதுப் பெயரையே எழுதுங்கள்.

மனுவைக் கையால் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குவதுதான் என் வழி. முதல்வர் உதவி எண் 1100-க்குப் பேசலாம், இணையத்திலும் போடலாம், ஆனால் அவையெல்லாம் இரண்டாம் பட்சம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

இரண்டாம் படி: குலுக்கலும் ஒதுக்கீட்டு ஆணையும்

பெரும்பாக்கத்தில் பல கட்டடங்கள் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி. கரண்ட் போனால் லிஃப்டும் போச்சு. வீட்டில் மாற்றுத்திறனாளியோ நடக்க முடியாத முதியவரோ இருந்தால், தரைத்தளம் கேட்டு, யாருக்கு எந்த வீடு என்று போடும் குலுக்கலுக்கு முன்பே மனு கொடுங்கள். சாவி வாங்கிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஆணையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பெயரைச் சரிபாருங்கள். ஆதாரில் 'மு. லட்சுமி', ஆணையில் 'லட்சுமி சே.' என்று இருக்கும். அப்பா பெயர் எழுத்து, கணவர் பெயர் எழுத்து என்கிற இந்தக் குழப்பமே பிறகு வங்கியிலும் கேஸ் ஏஜென்சியிலும் வழியை மறிக்கும். கூவம் சீரமைப்பில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இடமாற்றச் செலவு 5,000 ரூபாய், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாய் வாழ்வாதார உதவி என்று அறிவித்தார்கள். உங்கள் பகுதிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்றாம் படி: ஆதார்

வரிசை இங்கே முக்கியம். முதலில் ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி, யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவருடைய முகவரியை மட்டும் மாற்றுங்கள். அரசு கொடுத்த வீட்டு ஒதுக்கீட்டு ஆணை முகவரிச் சான்றாகச் செல்லும். மற்றவர்களுக்கு, 2023-இல் வந்த 'குடும்பத் தலைவர்' வழியில், முகவரி மாற்றியவரையே தலைவராகக் காட்டி, இணையத்திலேயே மாற்றிவிடலாம். உறவுக்குச் சான்றாக ரேஷன் கார்டு போதும். இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். குடும்பத் தலைவர் 30 நாளுக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஓடிபி வரும். ஆதாரில் இருப்பது என்றைக்கோ தொலைந்த சிம் நம்பர் என்றால் ஒன்றும் நகராது. ஆதார் மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்து முதலில் நம்பரை மாற்றுங்கள். அதற்கு ஆவணம் எதுவும் தேவையில்லை.

மற்றவை

வாக்காளர் அட்டையில் முகவரி மாற்றப் படிவம் 8. ரேஷன் கார்டு முகவரி மாற்றம் இணையத்தில். அதுவரை, கைரேகை வைத்து எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம்.

பள்ளிக்கூடம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். டிசி வரவில்லை என்று எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்ப அரசுப் பள்ளிக்கு உரிமை இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. டிசிக்காகப் பிள்ளையை ஒரு நாள்கூட வீட்டில் வைக்காதீர்கள். பழைய பள்ளியில் பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறைக் கணினிப் பதிவு எண்) மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

பின்சேர்க்கை: முதியோர் ஓய்வூதியம் நின்றுவிட்டது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கண்ணகி நகர் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது, பெரும்பாக்கமோ செங்கல்பட்டு மாவட்டம். பெரும்பாக்கம் போகிறவர்களுக்கு மாவட்டம் மாறுவதால், கிளம்பும் முன்பே பழைய வட்டாட்சியர் அலுவலகத்தில் மாறுதல் மனு கொடுத்துவிடுங்கள். ஓய்வூதிய உத்தரவு நகலையும் வங்கிப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.